அரபாரிக் காடும் நம் தரிசு நிலமும்

ஆண்டுதோறும் ஆனி மாதக் கடைசியில் இந்நகரத்தில் ஒரு காட்சியைக் காண்கிறோம். பெரிய மனிதர் ஒருவர் வருகிறார்; முன்னரே தோண்டி வைத்த குழியில் ஒரு கன்றை நிறுத்துகிறார்; பூவாளி கைமாறுகிறது; படம் எடுக்கிறார்கள்; கூட்டம் கலைகிறது. 1950-ஆம் ஆண்டில் மத்திய உணவு, வேளாண்மை அமைச்சராயிருந்த கே. எம். முன்ஷி அவர்கள் தொடங்கி வைத்த வன மகோற்சவம் என்னும் விழாவே இஃது. விழாவைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தாரும் தெற்குக் கல்கத்தாவில் நாற்பது கன்றுகள் நட்டோம். அடுத்த கோடையில் சென்று எண்ணியபோது மூன்றே எஞ்சியிருந்தன. கன்று வாங்குவதற்குப் பணம் திரட்டிய நாம், வேலிக்கும் தண்ணீர் ஊற்றும் ஆளுக்கும் திரட்ட மறந்துவிட்டோம்!

மரம் வளர்க்கும் பணம் எங்கிருந்து வருகிறது, யாரிடம் போய்ச் சேர்கிறது என்னும் கேள்வி அன்றுதான் நமக்குப் பிறந்தது. அதற்கு விடை தேடப் புகின், நாம் வாழும் இவ்வங்க மண்ணிலேயே, மேதினிப்பூர் நகருக்கு வடக்கே உள்ள அரபாரி என்னும் இடத்திலிருந்து தொடங்குவதே முறை.

செம்மண் நிலம் அது. அங்கு இயற்கையாய் வளர்வது சால மரம். நம் வீட்டுப் பூசையில் புகையும் குங்கிலியத்தைத் தருவதும் இவ்வினமே. 1970-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந்தக் காடு பெயரளவில் மட்டுமே காடாயிருந்தது. சுற்றியிருந்த சிற்றூர் மக்கள் விறகு வெட்டி விற்றுப் பிழைத்தனர். காவலர் பிடிப்பதும், வழக்குத் தொடுப்பதும், மறுநாள் மீண்டும் வெட்டு விழுவதும் வாடிக்கையாயின.

அங்கு வனத்துறை அதிகாரியாக வந்த அஜித் குமார் பானர்ஜி அவர்கள் வேறு வழியில் சிந்தித்தார். வெட்டுகிறவன் திருடன் அல்லன், வயிற்றுக்கு வேறு வழியில்லாதவன் என்பதை அவர் கண்டார். 1972-இல் பதினோரு சிற்றூர்களின் மக்களை அழைத்துப் பேசி, சிதைந்து கிடந்த 1,272 ஹெக்டேர் காட்டைக் காக்கும் பொறுப்பை அவர்களிடமே ஒப்புவித்தார். அதற்கு ஈடாக நடவிலும் அறுவடையிலும் கூலி வேலை, சிறு கட்டணத்தில் விறகும் தீவனமும் எடுக்கும் உரிமை, மரம் முதிர்ந்து விற்கும்போது வருவாயில் நூற்றுக்கு 25 பங்கு ஆகியவற்றைத் தருவதாகச் சொன்னார்.

இத்திட்டத்திற்குப் பெரும்பணம் செலவாகவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. சால மரத்தை வெட்டினாலும் அடிக்கட்டை சாவதில்லை. ஆடும் மாடும் அரிவாளும் சில ஆண்டுகள் விலகி நின்றால், கட்டையிலிருந்து துளிர்கள் தாமே கிளைத்து மரமாகும். புதிதாய் நடுவதைக் காட்டிலும் இருப்பதை விட்டுவைப்பதே அங்கு வேண்டியிருந்தது. 1983-ஆம் ஆண்டில், ஒன்றுக்கும் உதவாதெனக் கைவிடப்பட்டிருந்த அக்காட்டின் மதிப்பு பன்னிரண்டரைக் கோடி ரூபாய் எனக் கணக்கிட்டனர்.

நல்ல செய்தி மட்டும் சொல்லி நிறுத்திவிடுதல் தகாது. அரபாரியில் வென்றது தென்மேற்கு வங்கமெங்கும் பரவியது, காடு தழைத்தது. தழைத்த காட்டைத் தேடி, 1980-களின் பிற்பகுதியிலிருந்து, ஜார்க்கண்டின் தல்மா மலையிலிருந்து யானைக் கூட்டங்கள் இறங்கிவரத் தொடங்கின. காட்டைக் காத்த குடியானவனின் நெல்வயலையே அவை மிதித்தன; உயிர்ச்சேதமும் நேர்ந்தது. மேதினிப்பூர்ப் பக்கம் சென்ற நாம் கண்ட முதியவர் ஒருவர், "மரம் பாதி நமக்கு, மீதி யானைக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு நமக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கணக்கில் அவருக்கு வரவேண்டியது பாதியும் அன்று, கால் பங்கே அன்றோ!

இவ்வழியை 1989-இல் மேற்கு வங்க அரசு ஆணையாக்கிற்று. 1990 ஜூன் முதல் நாள் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை விடுத்தது. கூட்டு வன மேலாண்மை என்று பிற்காலத்தில் நாடெங்கும் வழங்கிய முறை இவ்வாறு வந்தது.

இனி, பெரும்பணத்தின் கதைக்கு வருவோம். அது தொடங்கிய இடம் நம் நீலகிரி. கூடலூர்ப் பகுதியில் காடுகள் வெட்டப்படுவதைக் கண்டு பொறாத நிலம்பூர் கோதவர்மன் திருமுல்பாடு அவர்கள் 1995-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். ஓர் ஊர்க் காட்டுக்காகத் தொடுத்த அவ்வழக்கு நாட்டின் காடுகள் அனைத்துக்குமான வழக்காக விரிந்தது. சுரங்கத்திற்கோ சாலைக்கோ அணைக்கோ காட்டு நிலத்தை எடுப்போர், ஈடாக வேறிடத்தில் மரம் வளர்க்கும் செலவையும், அழியும் காட்டின் மதிப்பையும் செலுத்த வேண்டுமென்பது அவ்வழக்கின் வழியே நிலைபெற்றது. பணம் குவிந்தது. குவிந்த பணம் பல்லாண்டுகள் வங்கியில் உறங்கியது. 2016-இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு மாநிலங்களுக்கு, பத்து மத்திய அரசுக்கு என்பது பங்கீடு. 2019 ஆகஸ்டில் ஏறக்குறைய 47,000 கோடி ரூபாய் மாநிலங்களுக்கு மாற்றப்பட்டது.

அத்தொகையைக் கேட்டு வியக்கிறவர்கள், 2013-இல் வெளிவந்த மத்தியத் தணிக்கைத் தலைவரின் அறிக்கையையும் கேட்க வேண்டும். 2006 முதல் 2012 வரை அழிந்த காட்டுக்கு ஈடாகப் பெற்றிருக்க வேண்டிய நிலம் 1,03,381 ஹெக்டேர், பெற்றது 28,086, அதிலும் மரம் நட்டது 7,280 ஹெக்டேரே. பணம் இல்லாத அரபாரியில் காடு வளர்ந்தது. பணம் குவிந்த இடத்தில் நட நிலம் அகப்படவில்லை.

அப்பணம் நம் போன்ற தனியாரை நாடி வருவதன்று. ஆயினும் நம்முள் பலருக்கு ஊரில் இரண்டு ஏக்கரோ மூன்று ஏக்கரோ நிலம் உண்டு. உழுவாரின்றிச் சீமைக்கருவேல் மண்டிக் கிடப்பதை மே மாத விடுமுறையில் கண்டு பெருமூச்சு விட்டுத் திரும்புகிறோம். அந்நிலத்தில் மரம் வைக்க அரசின் உதவி உண்டா என்று நம் அலுவலகத்திற்கு வந்து கேட்போர் பெருகிவிட்டனர்.

உண்டு என்பதே விடை. வேளாண் காடுகளுக்கென 2014-இல் தேசியக் கொள்கை ஒன்று வகுக்கப்பட்டது. வரப்புதோறும் மரம் என்னும் நோக்கத்தோடு 2016-17-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் உதவித் தொகையை ஒரே தவணையில் கொடுத்துவிடவில்லை. முதலாண்டில் நூற்றுக்கு 40, அடுத்த மூன்றாண்டுகளில் இருபது இருபதாகப் பிரித்தனர். தமிழ்நாட்டு அரசு 2021-22-இல் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்திலும் இதே எண்ணத்தைக் காண்கிறோம். ஏக்கருக்கு வரப்பிலாயின் 50, வயலிலாயின் 160 கன்றுகள் விலையின்றி வழங்கப்பட்டன. இரண்டாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை உயிரோடு நிற்கும் கன்று ஒன்றுக்கு ஏழு ரூபாய் ஊக்கத் தொகை என்றும் வகுத்தனர். ஏழு ரூபாய் பெரிய தொகையன்று. ஆயினும் நட்டதற்கன்றி நின்றதற்குக் கொடுக்கும் பணம் அது. அந்த அறிவு நம் சங்கத்திற்கு அன்று இருந்திருப்பின் நம் நாற்பது கன்றுகளில் பத்தேனும் பிழைத்திருக்கும்.

மூங்கில் வைக்க விரும்புவோர் அறியவேண்டிய செய்தி ஒன்று. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்னும் வரையறையிலிருந்து 2017-இல் நீக்கினர். ஆகவே சொந்த நிலத்து மூங்கிலை வெட்டவும் கொண்டுசெல்லவும் முன்பிருந்த தொல்லை இல்லை. சவுக்கு வைப்போருக்குக் கரூர் மாவட்டத்துக் காகிதபுரம் ஆலை போன்றவை கன்று கொடுத்துப் பின்னர் மரத்தை வாங்கிக்கொள்வதும் உண்டு.

தடை வேறிடத்தில் இருக்கிறது. விண்ணப்பத்தோடு சிட்டாவும் அடங்கலும் கேட்கிறார்கள். நம் அன்பர் ஒருவர் எடுத்து வந்த சிட்டாவில் இருந்தது அவருடைய பாட்டனார் பெயர். பாட்டனார் மறைந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. வாரிசுகள் ஒன்பது பேர். அவர்களுள் மூவர் வெளிநாட்டில். பங்காளிகள் ஒருவரோடொருவர் பேசி ஏழாண்டு ஆகிறதாம். கன்று இலவசமாகக் கிடைக்கும், மானியம் கிடைக்கும், கையெழுத்துத்தான் கிடைக்கவில்லை! இத்தகைய குடும்பங்கள் நம்மிடையே ஒன்றிரண்டல்ல என்பதை அறிவோம். பிரிக்கப்படாத நிலம் உடையோர், மரத்தைப் பற்றிப் பேசுமுன் பட்டா மாறுதலைப் பற்றிப் பேசுதல் நலம். பெரியவர்கள் உள்ளபோதே அதைச் செய்வது எளிது.

இரண்டாவது, காவல். ஊரில் ஆளில்லாமல் கன்று வைப்பது ஆட்டுக்கு விருந்து வைப்பதாகும். வேலியைக் காத்துத் தண்ணீர் விட ஒப்புக்கொள்ளும் பக்கத்துக் காட்டுக்காரருக்குச் சம்பளம் மட்டும் பேசாமல், மரம் விற்கும் நாளில் ஒரு பங்கும் எழுதிக் கொடுக்கலாம். அரபாரியில் நூற்றுக்கு 25 என்றார்கள். நம் அன்பர் சிலர் அது அதிகம் என்கின்றனர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

மூன்றாவது, பருவம். வங்கத்தில் ஆனி, ஆடி மழையில் நடுகிறார்கள் என்று நாமும் ஊரில் அப்போது நட்டால் கன்று கருகும். நம் கீழை மாவட்டங்களுக்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவக்காற்று. மே விடுமுறையில் நடுவதோ இன்னும் கேடு. இந்நகரத்து அலுவலகங்களும் பள்ளிகளும் துர்க்கா பூசைக்கு மூடும் நாட்கள் புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ வருகின்றன. அவ்விடுமுறையில் ஊர் செல்லும் குடும்பங்கள், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஆடி மாதத்திலேயே பெயரைப் பதிவு செய்துவைத்தால், முதல் மழை விழும்போது கன்றும் கையில் இருக்கும், ஆளும் ஊரில் இருப்பார். விண்ணப்பம் எழுத உதவி வேண்டுவோர், சிட்டா நகலோடு ஞாயிறு மாலை சங்க அலுவலகத்திற்கு வரலாம்.