விரிதாளும் வேற்றுமொழிப் பதிப்புகளும்

கணிப்பொறியில் அட்டவணை அமைத்துக் கூட்டல், சராசரி முதலிய கணக்குகளைச் செய்ய உதவும் விரிதாள், இன்று களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் அன்றாடக் கருவியாகிவிட்டது. ஒரு மொழிப் பதிப்பில் ஒழுங்காக இயங்கிய சூத்திரம் மற்றொரு மொழிப் பதிப்பில் பிழை காட்டுவதுண்டு. இப்பிழைகளுள் சில தம்மைத் தாமே அறிவித்துக்கொள்வன. சில வாய் திறவாமல் தவறான விடையைத் தருவன. முன்னவை நம் நேரத்தைக் கெடுக்கும். பின்னவை நம் அறிக்கையையே கெடுத்துவிடும்.

முதல் வகையை முதலில் நோக்குவோம். எக்செல் என்னும் விரிதாளின் ஆங்கிலப் பதிப்பில் கூட்டலுக்குரிய கட்டளைச் சொல் 'சம்'. ஜெர்மன் பதிப்பில் அது 'சும்மே'. பிரெஞ்சுப் பதிப்பில் 'சோம்'. நிபந்தனை கூறும் 'இஃப்' ஜெர்மனில் 'வென்' ஆகிறது. அன்றியும், ஜெர்மானியர் தசமப் புள்ளியின் இடத்தில் காற்புள்ளி இடுவதால், சூத்திரத்தின் உறுப்புகளைப் பிரிக்க அங்கே அரைப்புள்ளி பயன்படுகிறது. ஆகவே ஜெர்மன் பதிப்பில் 'சம்' என்று ஆங்கிலச் சொல்லைத் தட்டினால், அப்பெயர் தெரியாதென்பதைக் காட்டும் '#நேம்?' என்ற குறி தோன்றும்.

கோப்பையே அனுப்பினால் இத்தொல்லை இல்லை. திறக்கும் பதிப்பு கட்டளைச் சொற்களைத் தன் மொழியில் மாற்றிக் காட்டிவிடும். எனவே சூத்திரத்தைக் கடிதத்தில் எழுதி அனுப்புவதினும் ஒரு சிறு கோப்பில் இட்டு அனுப்புதல் நன்று. ஆனால் இம்மொழிபெயர்ப்பு மேற்கோள் குறிகளுக்குள் நுழைவதில்லை. தேதியிலிருந்து ஆண்டைப் பிரித்தெழுத, 'டெக்ஸ்ட்' கட்டளையில் நான்கு 'ஒய்' எழுத்துகளை மேற்கோளுக்குள் இடுகிறோம். ஜெர்மன் அமைப்பு அவ்விடத்தில் நான்கு 'ஜே' எழுத்துகளை எதிர்பார்க்கிறது. ஆண்டுக்குப் பதிலாக நாம் இட்ட 'ஒய்' எழுத்துகளையே திருப்பித் தருகிறது. மேற்கோளில் கைவைக்கலாகாது என்பது மொழிபெயர்ப்பாளருக்கு நல்ல விதிதான். இங்கோ அதுவே இடையூறாகிறது. 'இயர்' என்னும் கட்டளையைக் கையாண்டால் எம்மொழியிலும் ஆண்டு சரியாக வரும்.

இரண்டாம் வகைக்குக் காரணம் சூத்திரமன்று. கணிப்பொறியில் குறிக்கப்பட்டுள்ள நாட்டு வழக்கு. 8, 12, 35.5 மில்லிமீட்டர் என்ற மூன்று மழையளவுகளை ஜெர்மன் அமைப்புள்ள பொறியில் தட்டச்சு செய்தால், 35.5 என்பது எண்ணாகக் கொள்ளப்படாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். கூட்டல் கட்டளை எழுத்துள்ள கட்டங்களை ஓசையின்றித் தாண்டிச் செல்லும். மொத்தம் 55.5 என்பதற்கு மாறாக 20 என்று வரும், எப்பிழைக்குறியும் தோன்றாது. 12.5 என்று தட்டினால் நிலைமை வேறு; அது மே மாதம் 12-ஆம் தேதியாகிவிடும். விரிதாள் தேதிகளை 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாட்களாகவே வைத்திருப்பதால், 2024-இல் இவ்வாறு தட்டிய 12.5 மில்லிமீட்டர் மழை கூட்டலில் 45,424 ஆகப் புகும். இவ்வளவு பெரிய பிழை எவர் கண்ணுக்கும் தப்பாது. அஞ்சத்தக்கது அந்த 20 தான்.

நம் நாட்டில் மிகுதியாக நேரக்கூடியது தேதிக் குழப்பம். நாம் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுகிறோம். அமெரிக்க வழக்கு இதற்கு நேர்மாறு. கிணற்று நீர்மட்டத்தை 2024-இல் மாதந்தோறும் 5-ஆம் தேதி அளந்து 05/01/2024, 05/02/2024 என்று எழுதி வருபவரின் பொறி அமெரிக்க அமைப்பில் இருப்பதாகக் கொள்வோம். ஓராண்டின் பன்னிரண்டு அளவுகளும் மே மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களில் அடுத்தடுத்து எடுத்தவை ஆகிவிடும்! கோடையில் இறங்கி மழைக்குப்பின் ஏறிய நீர்மட்டம், இரண்டு வாரத்திற்குள் இறங்கி ஏறியதாகத் தோன்றும். 20-ஆம் தேதி அளந்திருந்தால், இருபதாவது மாதம் என ஒன்று இல்லாமையால், அவை எழுத்தாக நின்று நம்மை எச்சரித்திருக்கும்.

ஆராய்ச்சியாளரும் இதற்கு விலக்கல்லர். மரபணுப் பட்டியல்களை விரிதாளில் இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில், பெயர்கள் தேதிகளாக மாறிய பிழைகள் இருந்தன என 2016-இல் ஓர் ஆய்வு கண்டது. 'மார்ச்-1' போன்ற பெயர்களுக்கு 2020-இல் மாற்றுப் பெயர்களே சூட்டப்பட்டன. எனினும் டச்சு மொழியில் 'மெய்' என்பது மே மாதம் ஆகையால், 'எம்இஐ1' என்ற மரபணு டச்சு அமைப்பில் மே மாதத் தேதியாகிவிடுகிறது.

அட்டவணையைப் பெற்றவுடன் எண்ணுள்ள கட்டங்களை எண்ணும் 'கவுண்ட்' கட்டளையின் விடையை, நிரம்பிய கட்டங்களை எண்ணும் 'கவுண்ட்டஏ' விடையுடன் ஒப்பிடுக. இரண்டும் வேறுபட்டால் எங்கோ எண் எழுத்தாகியுள்ளது. நாளும் மாதமும் இடம் மாறியதை இச்சோதனை காட்டாமலும் போகலாம். மாறியபின் பொறியின் அமைப்பை மட்டும் திருத்துவதால் பயனில்லை. மூலக் குறிப்பேட்டிலிருந்தே மீண்டும் பதிய வேண்டும். தேதியை 2024-04-05 என ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் இந்திய அமைப்பும் அமெரிக்க அமைப்பும் அதை ஒன்றுபோலவே படிக்கும்.