நீதிமன்றம் திருப்பியனுப்பிய அரசமைப்பு

ஒரு நாட்டின் அரசமைப்புச் சட்டத்தை எழுதுவதற்கென்றே கூடும் அரசமைப்பு நிர்ணய சபை, மக்களின் இறையாண்மையிலிருந்தே அதிகாரம் பெறுவதால் அதற்கு முந்தைய எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாது என்பது பழைய கோட்பாடு. தென்னாப்பிரிக்கா அதைத் தெரிந்தே கைவிட்டது.

நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்த காலத்தில், தேர்தலில் பெரும்பான்மை பெறப்போவது உறுதியென்றிருந்த ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ், மக்கள் தேர்ந்தெடுக்கும் சபையே சட்டத்தை எழுத வேண்டும் என்றது. அச்சபையில் சிறுபான்மையாகிவிடுவோம் என்று அஞ்சிய தேசியக் கட்சியோ, தேர்தலுக்கு முன்பே பேசி முடித்துவிட விரும்பியது. கெம்ப்டன் பார்க்கில் நடந்த பல கட்சிப் பேச்சுவார்த்தை இரண்டு கோரிக்கைகளுக்கும் இடமளித்தது. அதன் விளைவான 1993-ஆம் ஆண்டு இடைக்கால அரசமைப்பு, இறுதிச் சட்டம் மீறக் கூடாத 34 கோட்பாடுகளை வகுத்ததுடன், சபை நிறைவேற்றும் வரைவு அவற்றுக்கு இணங்குகிறதா என்று சான்றளிக்கும் பொறுப்பைப் புதிதாக உருவான அரசமைப்பு நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் செய்துகொண்ட உடன்பாடு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைக் கட்டுப்படுத்தியது மக்களாட்சி நெறிக்கு உறுத்தலானதுதான். ஆனால் அந்த உத்தரவாதமின்றி ஆட்சியிலிருந்தவர்கள் அதிகாரத்தைக் கையளித்திருப்பார்களா என்பது ஐயமே.

ஏப்ரல் 1994 தேர்தலுக்குப் பின் அமைந்த நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்த 490 பேர் சபை, சிரில் ராமபோசாவின் தலைமையில் வரைவை உருவாக்கியது. சொத்துரிமை, முதலாளிகளின் கதவடைப்பு உரிமை, ஒரே மொழிவழிப் பள்ளிகள் ஆகியவற்றில் இழுபறி கடைசி நாள்கள்வரை நீடித்தாலும், 1996 மே 8 அன்று தேவையான மூன்றில் இரு பங்கைத் தாண்டிய ஆதரவுடன் வரைவு நிறைவேறியது.

அப்படியிருந்தும் செப்டம்பர் 6 அன்று நீதிமன்றம் சான்றளிக்க மறுத்தது. வரைவின் பெரும்பகுதி இணங்கியதாக ஒப்புக்கொண்ட நீதிபதிகள், மாகாணங்களின் அதிகாரம் இடைக்கால ஏற்பாட்டைவிடக் கணிசமாகக் குறைந்திருப்பதையும், அரசமைப்பைத் திருத்தும் முறை போதிய அளவு கடினமாக இல்லாததையும், மக்கள் குறைகேட்பாளரையும் தலைமைத் தணிக்கையாளரையும் சாதாரணப் பெரும்பான்மையால் நீக்க முடிவதையும் குறைகளாகச் சுட்டினர். அதிகாரிகளைக் கண்காணிக்கும் இப்பதவிகளைப் பற்றிய ஆட்சேபமே இவற்றுள் மிகத் தொலைநோக்கானது எனலாம்.

சபை மீண்டும் கூடித் திருத்திய வரைவுக்கு டிசம்பர் 4 அன்று சான்று கிடைத்தது. 1997 பிப்ரவரி 4 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்தச் சான்றை எந்த நீதிமன்றத்திலும் மீண்டும் கேள்விக்குள்ளாக்க முடியாது என்று இடைக்கால அரசமைப்பு முன்பே விதித்திருந்ததால், 34 கோட்பாடுகளின் பணி அத்துடன் முடிவுற்றது.