மே லீவா, டிசம்பர் லீவா? இலங்கையில எந்த பீச்சுக்குப் போகணும்னு காத்துதான் சொல்லும்!

ஜூன் மாசம், இலங்கையோட தெற்குக் கரையில இருக்கிற மிரிஸ்ஸ பீச். கொட்டுற மழையில நின்னு சிவப்புக் கொடியை வேடிக்கை பார்த்த அனுபவம் உங்களுக்கு இருக்கா? எனக்கு இருக்கு. பேக்கேஜ்ல ‘நீலத் திமிங்கிலம் பார்க்கலாம்’னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க. போட் கரையை விட்டுக் கிளம்பவே இல்லை. ரெண்டு நாள் ரூம்லயே உட்கார்ந்து கொத்து ரொட்டி சாப்பிட்டதுதான் மிச்சம். கொடுமை என்னன்னா, திமிங்கிலம் பார்க்க அந்த சீசன்ல போக வேண்டிய இடம் தீவோட இன்னொரு பக்கம் இருக்கிற திருகோணமலை. அங்கிருந்து கார்லயே போயிருக்கலாம். யாரும் சொல்லலை!

அதனால நீங்க டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கோங்க. இலங்கை மொத்தமே தமிழ்நாட்டில் பாதி அளவுதான். ஆனா அங்கே ரெண்டு பருவமழை, ரெண்டு தனித்தனி பீச் சீசன். காரணம், தீவோட நடுவுல நிக்கிற மலைகள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலி பக்கம் மழையைக் கொட்டிட்டு, மலையைத் தாண்டும்போது காய்ஞ்சுபோன காத்தா கிழக்கே இறங்குது. மட்டக்களப்பு பக்கம் அதுக்குப் பேரு கச்சான் காத்து. (கடையில போய் ‘கச்சான்’னு கேட்டா வேர்க்கடலை தருவாங்க. அது வேற கதை!) டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரை அப்படியே தலைகீழ். வடகிழக்கு மழை கிழக்குக் கரையை நனைக்க, தெற்குல வெயில் அடிக்கும்.

நம்பலைன்னா, கண்டியில இருந்து எல்ல போற ரயில்ல ஏறுங்க. கிட்டத்தட்ட ஏழு மணி நேரப் பயணம். ஹட்டன், நானுஓயான்னு தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவுல மெதுவா ஏறி, பட்டிப்பொல ஸ்டேஷனைத் தாண்டினதும் ஒரு சுரங்கப்பாதை வரும். கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,900 மீட்டர் உயரம். தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசங்கள்ல, இந்தப் பக்கம் மழையும் மூடுபனியுமா உள்ளே நுழையற ரயில், அந்தப் பக்கம் ஓஹியவுல பளிச்னு வெயில்ல வெளியே வர்றது உண்டு. ஒரே சுரங்கம், ரெண்டு வானிலை. வழியில கொழுந்து பறிக்கிறவங்க பேசுறது தமிழ். 19-ம் நூற்றாண்டுல நம்ம ஊர்கள்ல இருந்து போனவங்களோட வாரிசுகள் அவங்க. பிளேன்டீ வாங்கிட்டு ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்க. ரீல்ஸுக்காகக் கதவுல மட்டும் தொங்காதீங்க. அப்படித் தொங்கி உயிரை விட்ட டூரிஸ்ட்டுகள் நிஜமாவே இருக்காங்க.

சரி, நம்ம லீவுக்கு வருவோம். மே, ஜூன்ல போறீங்கன்னா தெற்குக் கரையை மறந்துட்டுக் கிழக்கே போங்க. நிலாவெளியில தங்கி, புறாத்தீவுல பவளப்பாறை பார்க்கலாம். திருகோணமலையில கோணேஸ்வரர் கோயில் மலைமுகட்டுல நின்னா கீழே முழுக்க நீலம். நீச்சல் தெரியாதவங்களுக்குப் பாசிக்குடா. ரொம்ப தூரம் நடந்தாலும் தண்ணி இடுப்பைத் தாண்டாது. சர்ஃபிங் பைத்தியங்களுக்கு அறுகம் குடா. இங்கெல்லாம் தமிழ்லயே பேரம் பேசலாம்.

லீவை ஆகஸ்ட்டுக்குத் தள்ள முடிஞ்சா இன்னும் விசேஷம். மின்னேரியாவுல, மன்னர் மகாசேனன் வெட்டின பழைய ஏரி ஒண்ணு இருக்கு. கோடையில தண்ணி வத்த வத்த, ஏரிப் படுகையில புது புல் முளைக்கும். அதைத் தேடிச் சுத்துவட்டாரக் காடுகள்ல இருந்து யானைகள் கூட்டம் கூட்டமா வரும். சில வருஷம் நூத்துக்கணக்குல! ஆனா ஒரு சிக்கல். மொரகஹகந்த அணைத் தண்ணி இப்போ இந்த ஏரிக்கும் வர்றதால, சில சீசன்ல தண்ணி வத்துறதே இல்லை, புல்லும் இல்லை. அப்போ யானைங்க பக்கத்துல கவுடுல்ல பக்கம் நகர்ந்திடும். அதனால டிக்கெட் எடுக்கும் முன்னாடி ‘இன்னிக்கு யானை எங்கே அண்ணே?’னு ஜீப் டிரைவரைக் கேளுங்க. அவங்களுக்குத் தெரியும்.

டிசம்பர், பொங்கல் லீவா? இப்போ மிரிஸ்ஸ, உனவட்டுன, ஹிக்கடுவ எல்லாம் உங்களுக்குத்தான். திமிங்கில போட்டும் ஓடும். சிவனொளிபாத மலை யாத்திரையும் டிசம்பர் பௌர்ணமியில தொடங்கி மே வரை நடக்கும். ராத்திரியில ஏறி, உச்சியில சூரிய உதயம் பார்க்கணும், அதான் அழகு. சிறுத்தைக்கு யால. பிப்ரவரியில இருந்து வறட்சி கூடக் கூட, தண்ணி குடிக்க வெளியே வரும்போது பார்க்க வாய்ப்பு அதிகம். ரொம்பக் காய்ஞ்சுபோனா வழக்கமா செப்டம்பர் வாக்குல முக்கியப் பகுதியை மூடிடுவாங்க, கவனம். யாலவுல கூட்டம் பிடிக்கலைன்னா உடவலவ போங்க, அங்கே யானை வருஷம் முழுக்க உண்டு. நுவரெலியாவுக்கு மட்டும் சித்திரைப் புத்தாண்டு சமயத்துல போகாதீங்க. தீவே அங்கே திரண்டிருக்கும், ரூம் வாடகை எகிறிடும்.

மிச்சம் இருக்கிறது அக்டோபர், நவம்பர். நமக்குத் தீபாவளி லீவு, அங்கே ரெண்டு பருவமழைக்கும் இடைப்பட்ட காலம். தீவு முழுக்க மதியம் இடி மழை, போதாக்குறைக்குப் புயல். 2025 நவம்பர் கடைசியில வந்த டிட்வா புயல்ல மலையகத்துல பயங்கர நிலச்சரிவு, ரயில் பாதையும் சேதமாச்சு. இந்த மாசங்கள்லதான் போயாகணும்னா, கேன்சல் பண்ணினா காசு திரும்பத் தர்ற ரூமா பார்த்துப் போடுங்க. எல்ல வரைக்கும் ரயில் ஓடுதான்னு கண்டியிலயே விசாரிச்சுட்டு ஏறுங்க. பீச்சுல சிவப்புக் கொடி பறந்தா, முழங்கால் அளவுத் தண்ணியிலகூட இறங்க வேண்டாம்.