இதய வால்வு ஆபரேஷன்: எந்த வால்வு நமக்கு ஏற்றது?



"ஒரு குடம் தண்ணி தூக்கினாலே மூச்சு வாங்குது, ரத்தச்சோகையா இருக்கும்" என்று குழுக் கூட்டத்தில் பலர் சொல்வதைக் கேட்கிறோம். பலருக்கு அது ரத்தச்சோகைதான். ஆனால் சிலருக்கு இதய வால்வில் கோளாறு இருக்கும். கர்ப்பமான பிறகுதான் அது தெரிய வரும். அப்படித் தெரிந்து, "வால்வு மாத்தணும்" என்று டாக்டர் சொன்னால் என்ன முடிவு எடுப்பது? இந்த இதழில் அதைப் பார்ப்போம்.

வால்வு எப்படிக் கெடுகிறது?

அடிபம்பில் மேலே ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் வாசர் தடுக்கிறது அல்லவா? இதயத்தில் உள்ள 4 வால்வுகளும் அப்படித்தான் ரத்தத்தை ஒரே பக்கமாக அனுப்புகின்றன. 5 முதல் 15 வயதில் வரும் தொண்டைப் புண்ணைச் சரியாகக் கவனிக்காவிட்டால், சில பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வரும். இதற்கு ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். இது வால்வைத் தாக்கினால், பல வருடம் கழித்து வால்வு சுருங்கும், அல்லது கசியும். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம்.

எல்லோருக்கும் வால்வை மாற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. சுருங்கிய வால்வைச் சிலருக்கு நெஞ்சைத் திறக்காமலே, தொடை நரம்பு வழியாக பலூன் அனுப்பி விரிக்கலாம். சிலருக்கு இருக்கிற வால்வையே தைத்துச் சரி செய்யலாம். எனவே முதல் கேள்வி, "பலூன் வைக்க முடியுமா, சரி செய்ய முடியுமா?" என்பதே. இரண்டும் முடியாது என்றால்தான் மாற்றும் பேச்சு.

இரண்டு வகை வால்வு

உலோக வால்வு: நீண்ட காலம் உழைக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் உருவாக்கிய 'சித்ரா' வால்வு இந்த வகைதான். 1990-இல் முதலில் பொருத்தப்பட்டது. ஆனால் உலோகத்தில் ரத்தம் உறையும். அதைத் தடுக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரையை ஆயுள் முழுக்க, ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் செய்ய வேண்டும். அளவு குறைந்தால் வால்வு அடைக்கும், பக்கவாதம் வரலாம். கூடினால் ரத்தக்கசிவு, மாதவிடாயும் அதிகமாகப் போகலாம்.

திசு வால்வு: பன்றியின் வால்வு அல்லது மாட்டின் இதய உறையிலிருந்து செய்வது. பலருக்குச் சில மாதம் கழித்து அந்த மாத்திரை தேவைப்படாது. ஆனால் சுமார் 10 முதல் 15 வருடத்தில் தேயும். இளவயதில் இன்னும் சீக்கிரம் தேயும். அப்போது மறுபடியும் ஆபரேஷன்.

அதனால்தான் பொதுவாக 50 வயதுக்குக் கீழ் உலோக வால்வையும், 65, 70 வயதைத் தாண்டியவர்களுக்குத் திசு வால்வையும் டாக்டர்கள் யோசிக்கிறார்கள்.

குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு

இங்குதான் நம் பெண்கள் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் வார்ஃபரின் குழந்தையைப் பாதிக்கலாம். அதற்குப் பயந்து தாமாக மாத்திரையை நிறுத்தினால் வால்வு அடைத்துத் தாயின் உயிருக்கே ஆபத்து. எனவே "எனக்குக் குழந்தை வேணும்" என்பதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பின்னாளில் இன்னொரு ஆபரேஷன் வரும் என்று தெரிந்தே திசு வால்வைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. கணவரும் மாமியாரும் பேசட்டும், ஆனால் நெஞ்சில் வைக்கும் வால்வு நம்முடையது. நம் சம்மதம் முதலில் வேண்டும். உலோக வால்வு உள்ளவர்கள் டாக்டரிடம் பேசிய பிறகே கருத்தரிக்கத் திட்டமிட வேண்டும். நாள் தள்ளிப் போனால் அன்றே போய்ப் பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. என் வயதுக்கும் உடம்புக்கும் எந்த வால்வு? ஏன்?
2. ஐ.என்.ஆர். பரிசோதனை எங்கே செய்யலாம்? போய் வர எவ்வளவு ஆகும்?
3. எந்தக் குடும்பக் கட்டுப்பாட்டு முறை எனக்குப் பாதுகாப்பு?
4. பல் பிடுங்கும் முன் என்ன மருந்து எடுக்க வேண்டும்?

மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனத்துக்கு

கீரையை ஒதுக்க வேண்டாம். வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். கடையில் கேட்டு வலி மாத்திரை, நாட்டு மருந்து சாப்பிடக் கூடாது. மலம் கறுத்துப் போனாலோ, ஈறில் ரத்தம் வந்தாலோ, வாய் கோணினாலோ, கை கால் மரத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ருமாட்டிக் காய்ச்சலுக்கான பென்சிலின் ஊசியை ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று தாமாக நிறுத்த வேண்டாம்.

செலவுக்கு என்ன வழி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு ஆபரேஷன் உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழுடன் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் அட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆபரேஷனுக்கு அப்புறம் மாதாமாதம் வரும் பஸ் செலவும் ஒரு நாள் கூலி இழப்பும்தான் பலரை மாத்திரையை விட வைக்கிறது. ஆகவே வால்வைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். குழுவில் அப்படி ஒருவர் இருந்தால், பரிசோதனைக்குப் போக உள்கடன் கொடுக்கலாம். கூட்டத்தன்று "மாத்திரை போட்டியா அக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். மூச்சு வாங்குகிற உறுப்பினர் யாராவது இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் நெஞ்சைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.