கற்றது நிற்க: நினைவின் இயல்பும் பயிற்சியின் நெறியும்

நினைவு என்பது மூன்று தொழில்களின் தொகுதி. புலன்வழி வந்த செய்தியை உள்ளத்தில் ஊன்றச் செய்வது பதித்தல். ஊன்றியதை அழியாது வைத்திருப்பது இருத்தல். வைத்திருப்பதை வேண்டும்பொழுது வெளிக்கொணர்வது மீட்டல். இம்மூன்றும் ஒன்றையொன்று தழுவி நடப்பினும் தம்முள் வேறானவை. தேர்வுக்கூடத்தில் அமரும் மாணவர் மூன்றாம் தொழிலால் மட்டுமே அளக்கப்பெறுகிறார். ஆயினும் அவர் தம் பயிற்சிப் பொழுதில் பெரும்பங்கை முதல் தொழிலிலேயே செலவிடுகிறார். படித்ததையே மீண்டும் படிக்கிறார், வரிகளின் அடியில் மஞ்சள் மையால் கோடிடுகிறார், தோழர் எழுதிய குறிப்பேட்டைப் படியெடுக்கிறார். அளக்கப்பெறுவது ஒன்றும் பயிலப்பெறுவது மற்றொன்றுமாக இருப்பதே நம் கல்லூரிகளில் நிலுவைத்தாள்கள், மாணவர் வழக்கில் அரியர், பெருகுவதற்குப் பெரிதும் இடமளிக்கிறது என்பது என் துணிபு.

நினைவை அது நிலைக்கும் காலத்தைக் கொண்டு இரண்டாகப் பகுப்பர். உடனடியாகக் கையாளும் செய்திகளைச் சிறுபொழுது தாங்குவது பணிநினைவு. ஆண்டுக்கணக்கில் தாங்குவது நெடுநினைவு. பணிநினைவின் கொள்ளளவு மிகச் சிறியது. 1956இல் அமெரிக்க உளவியலார் சியார்சு மில்லர் அது ஏழு கூறுகளைச் சுற்றி அமைவதாகக் கணித்தார். 2001இல் நெல்சன் கோவன் அதனை ஏறத்தாழ நான்கெனக் குறுக்கினார். நெடுநினைவோ எல்லை காணப்பெறாதது. அதனுள்ளும் பொருளறிவைத் தாங்கும் பொருள்நினைவு, வாழ்வில் நடந்தவற்றைத் தாங்கும் நிகழ்வுநினைவு, கைத்திறனைத் தாங்கும் செயல்நினைவு எனப் பிரிவுகள் உண்டு. இப்பிரிவுகள் ஏட்டளவினவல்ல என்பதை என்றி மொலைசன் என்னும் அமெரிக்கர் வழியாக உலகம் அறிந்தது. வலிப்பு நோய் தீர 1953இல் அவர் மூளையின் இருபுறத்தும் கடற்குதிரை வடிவிலுள்ள மடிப்பின் பெரும்பகுதி அறுத்தகற்றப்பெற்றது. அதன்பின் அவர் எந்தப் புதுச் செய்தியையும் நெடுநினைவில் நிறுத்த இயலாதவரானார். எனினும் கண்ணாடியில் தெரியும் உருவைப் பார்த்து வரையும் கைத்திறனை நாளுக்கு நாள் செம்மையாகக் கற்றார். முந்தைய நாள் அதனைப் பயின்றதாக மட்டும் அவர் அறியார்.

நான்கே இடமுடைய பணிநினைவைக் கொண்டு மாந்தர் நூறாயிரம் செய்திகளை ஆள்வது எவ்வாறு? உறவுடைய செய்திகளை ஒன்றாகக் கட்டுவதனால். அவ்வாறு கட்டப்பெற்றதை நினைவுக்கட்டு என வழங்கலாம். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் சுமைதூக்கும் தொழிலாளர் நூற்றுக்கணக்கான முருங்கைக்காய்களை ஒரே தோளில் கொண்டுபோவது அவை கட்டாக இறுக்கப்பெற்றிருப்பதால்தான். நினைவுக்கும் அதுவே வழி. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குதம்பிப் பாவலர் 1907இல் சென்னையில், நூறு வினைகளை ஒருங்கே கருத்தில் நிறுத்தும் சதாவதானத்தை நிகழ்த்திக் காட்டினார். யாப்பும் சொல்வளமும் அவர் நெடுநினைவில் முன்பே செறிந்திருந்தமையால், பிறர்க்குப் பதினைந்து சீர்களாக நிற்கும் ஒரு வெண்பா அவர்க்கு ஒரே கட்டாக நின்றிருக்கும். அவையோர் இடையிட்டுத் தொடுத்தவற்றையெல்லாம் இறுதியில் முறைபிறழாது திருப்பிச் சொல்வதே அக்கலையின் முடிமணி. மீட்டலே அங்கும் தேர்வு.

இனி மறதி. இதனை முதன்முதலில் அளந்து காட்டியவர் செருமானியரான எர்மன் எப்பிங்காசு. பொருளற்ற அசைகளைத் தாமே ஆக்கி, தாமே உருப்போட்டு, பல்வேறு கால இடைவெளிக்குப்பின் மீண்டும் உருப்போட எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டு 1885இல் நூலாக வெளியிட்டார். 20 மணித்துளி கழிந்தபின் மிச்சம் 58 விழுக்காடு. ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஆறு நாளில் 25. 31 நாளில் 21. மறதி சீரான சரிவன்று என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. முதல் மணி நேரத்தில் பாதிக்குமேல் சரிகிறது. முதல் நாளைக் கடந்து எஞ்சியதோ ஒரு திங்கள் வரை மெதுவாகவே தேய்கிறது. பொருளற்ற அசைகளை அளந்த கணக்கு இது. பொருளுடைய பாடம் இதனினும் மெதுவாகவே மறக்கும். எனினும் சரிவின் வடிவம் ஒன்றே. ஆதலின் கேட்ட பாடத்தை அன்று மாலையே ஒருமுறை தொடுவதும், ஒரு கிழமை கழித்து முதன்முறையாகத் தொடுவதும் ஒருபோதும் ஒன்றாகா.

தொடுவது என்றால் எவ்வாறு தொடுவது? இங்கேதான் கடந்த நூறாண்டுகளின் உளவியல் தன் தலைசிறந்த கண்டறிவை வைத்திருக்கிறது. அமெரிக்காவின் செயிண்ட் லூயி நகர வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு குழுவினர் ஓர் உரைப்பகுதியை நான்கு அமர்வுகளிலும் படித்தனர். மொத்தத்தில் ஒவ்வொருவரும் ஏறத்தாழ 14 முறை அதனைப் படித்து முடித்தனர். மற்றொரு குழுவினர் முதல் அமர்வில் மட்டும் மூன்று அல்லது நான்கு முறை படித்துவிட்டு, எஞ்சிய மூன்று அமர்வுகளில் நூலை மூடிவைத்து நினைவிலிருந்தே எழுதினர். ஐந்து மணித்துளி கழித்துத் தேர்ந்தபோது படித்துக்கொண்டே இருந்தவர் முந்தினர். ஒரு கிழமை கழித்துத் தேர்ந்தபோதோ, பதினான்கு முறை படித்தவர் 40 விழுக்காடே மீட்டனர்; எழுதிப் பார்த்தவர் 61 விழுக்காடு மீட்டனர். இதனினும் கருதத்தக்கது, தமக்கு நன்கு நினைவிருக்கும் என்று மிகுதியாக நம்பியவர் படித்துக்கொண்டே இருந்தவரே. கண்ணுக்குப் பழகிய வரி உள்ளத்துக்கும் உரியதாகிவிட்டது என எண்ணும் இந்நிலையைப் பழகுமயக்கம் எனலாம். மாணவரை நான் பழிக்கவில்லை; இம்மயக்கம் உழைப்பவரையே பெரிதும் பற்றுகிறது.

மீட்டல் என்பது உள்ளதை எடுத்துப் பார்க்கும் செயலோடு நிற்பதன்று. எடுக்குந்தோறும் அந்நினைவே உறுதிப்படுகிறது. நரம்பணுக்களுக்கிடையே திரும்பத் திரும்ப நிகழும் தூண்டல் அவற்றின் இணைப்பை நெடும்பொழுது வலுப்படுத்துகிறது என்பதைப் பிளிசு, லோமோ என்னும் இருவர் முயலின் மூளையில் கண்டு 1973இல் அறிவித்தனர். அவர்கள் கண்டதும் மொலைசன் இழந்த அதே கடற்குதிரை மடிப்பில்தான்.

இவ்வளவும் மேலை நாட்டார் கண்டது என்று நம்மவர் எண்ணிவிடலாகாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் தொடங்குமுன், பாயிரத்தில் கற்பிக்கும் முறையையும் கற்கும் முறையையும் வகுத்துரைக்கிறது. நூல் பயில்வார்க்கு அது சொல்லும் தொழில்களைப் பாருங்கள்: பாடத்தைப் போற்றல், கேட்டவற்றை நினைத்தல், ஆசிரியரை அடுத்து மீண்டும் கேட்டல், ஒத்த மாணாக்கரொடு பயிலல், வினவல், வினவப்பெற்றவற்றுக்கு விடை கூறல். பார்த்துப் பார்த்துப் படித்தல் என்பது இவ்வரிசையில் தனியிடம் பெறவில்லை; நினைத்தலும் வினவலும் விடுத்தலும் பெறுகின்றன. இருமுறை கேட்பவர்க்குப் பிழை குறையும் என்றும், மும்முறை கேட்பவர் முறையறிந்து உரைப்பர் என்றும் அந்நூல் படிகளை வகுக்கிறது. அதற்கும் மேலே சென்று பங்கும் கணக்கிடுகிறது. ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு செம்மையாகக் கொண்டாலும் மாணவர் பெறுவது புலமையில் காற்பங்கு. உடன் பயில்வாரொடு பழகிப் பெறுவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கும் தாம் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிறைகிறது. அரைப்பங்கை உரைத்தலுக்கு ஒதுக்கிய அவ்வாசிரியர் அளவுகோலும் ஆய்வுக்கூடமும் கொண்டிருந்தவரல்லர். தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தோர் கண்டுணர்ந்ததை ஒழுங்குபடுத்தி வைத்தவர். அவ்வொழுங்கு இன்றைய எண்களோடு இவ்வளவு நெருங்கி வருவது தமிழ்க் கல்விமரபின் கூர்மைக்குச் சான்று.

அம்மரபு நூலோடு நின்றுவிடவில்லை. திண்ணைப் பள்ளியில் முதிர்ந்த மாணவராகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குக் கற்பித்தார். எண்சுவடியின் வாய்பாடுகளைப் பிள்ளைகள் சுவடி நோக்காது ஓங்கிச் சொல்லி ஒப்புவித்தனர். 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே அமைத்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது சென்னை முறை என்னும் பெயரால் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. திண்ணைப் பள்ளிக்குக் குறையும் இருந்தது. பொருளுணராது நெட்டுருப் போடுவித்த இடங்கள் பல, அடி அச்சமும் மிகுதி. ஆயினும் ஏட்டை மூடி வாய்விட்டுச் சொல்லச் செய்தது அதன் உயிர்ப்பண்பு. நாம் அச்சத்தோடு சேர்த்து ஒப்புவித்தலையும் கைவிட்டோம்.

இவற்றையெல்லாம் ஒரு பாடத்தில் வைத்துக் காட்டுகிறேன். உயிர்வேதியியல் பயில்வார் அனைவரும் அஞ்சும் கிரெப்சு சுழற்சியை எடுத்துக்கொள்வோம். 1937இல் ஆன்சு கிரெப்சு விளக்கியது, எட்டுப் படிகள் உடையது. எட்டுப் பெயர்களை வரிசையாக உருப்போடுவார்க்கு எட்டும் தனித்தனிச் சுமை. கரியணுக்களை, அதாவது கார்பன் அணுக்களை, எண்ணத் தொடங்குவார்க்கு அவை ஒரே கட்டு. இரு கரியணுவுடைய அசெட்டைல் தொகுதி நான்கு கரியணுவுடைய ஆக்சலோஅசெட்டேட்டோடு கூடி ஆறு கரியணுவுடைய சிட்ரேட்டாகிறது; ஒரு கரியீருயிரகை (கார்பன் டை ஆக்சைடு) வெளியேற ஐந்தாகிறது; மற்றொன்று வெளியேற நான்காகிறது; அந்நான்கு உருமாறி மீண்டும் ஆக்சலோஅசெட்டேட்டாகி அடுத்த இரண்டை ஏற்க அணியமாகிறது. உள்ளே வந்தவை இரண்டு, வெளியே போனவை இரண்டு. இவ்வரவுசெலவு விளங்கியபின் நூலை மூடி, வெற்றுத்தாளில் வட்டம் வரைந்து, நினைவுக்கு வந்த பெயர்களை நீல மையால் நிரப்புக. வராத இடத்தை வெறுமையாகவே விடுக. உடனே நூலைத் திறவாது சற்றே முயல்க, அம்முயற்சியிலும் பயன் உண்டு. பின் நூலைத் திறந்து விடுபட்டவற்றைச் சிவப்பு மையால் எழுதுக. அடுத்த முறை தொடங்க வேண்டிய இடத்தை அச்சிவப்பு எழுத்துகளே காட்டும்.

அடுத்த முறை எப்பொழுது என்பது இடைவெளிப் பயிற்சியின் வினா. ஒரே அமர்வில் நான்கு மணி நேரம் படிப்பதினும் நான்கு நாளில் ஒவ்வொரு மணி நேரம் படிப்பது மிகுதியாக நிற்கும். இடைவெளியின் நீளமோ நினைவு எவ்வளவு காலம் தேவை என்பதைப் பொறுத்தது. செபீடாவும் அவர்தம் குழுவினரும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கிழமை கழித்து வேண்டுமெனில் ஏறத்தாழ ஒரு நாள் இடைவெளியும், 70 நாள் கழித்து வேண்டுமெனில் ஏறத்தாழ மூன்று கிழமை இடைவெளியும் சிறந்து விளங்கின. நம் பருவத்தேர்வுத் தாளில் ஐந்து அலகுகள் உண்டு. முதல் அலகு நடத்தப்பெற்று இறுதித் தேர்வு வரப் பல கிழமைகள் ஆகும். எனவே கேட்ட மாலையில் ஒருமுறை, சில நாளில் ஒருமுறை, மூன்று கிழமையில் ஒருமுறை என முதல் அலகை மீட்டுவரும் மாணவர்க்குத் தேர்வுக்கு முந்தைய விடுமுறை புதிதாகக் கற்கும் பொழுதாக இராது. கணக்குப் பாடங்களில் ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து போடாது வகைகளைக் கலந்து போடுவதும் இதனோடு சேர்ந்ததே. எந்நெறியைக் கையாள்வது என்று தெரிந்தெடுக்கும் திறன் அதனால் வளரும்.

இத்தனை முறை மீட்கப் பொழுது எங்கே என்னும் வினா எழும். ஒட்டன்சத்திரத்தில் அறநிலையத் துறையின் கலை அறிவியல் கல்லூரி 2021இல் தொடங்கப்பெற்றபின், சுற்றுப்புற ஊர்களின் பிள்ளைகள் பழனிக்கோ திண்டுக்கல்லுக்கோ செல்லாது இங்கேயே பட்டப்படிப்புப் பயில வழி பிறந்தது. கள்ளிமந்தையம், இடையகோட்டை, அம்பிளிக்கை பக்கங்களிலிருந்து பேருந்தேறி வருவோரிற் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். விடியலில் தோட்ட வேலை, மாலையில் வீட்டு வேலை. படிக்கப் பொழுதில்லை என்பது அவர்தம் மெய்யான குறை. அவர்க்கு நான் சொல்வது இது: நெரிசலில் கம்பியைப் பற்றி நிற்கும் அந்தப் பயணம், நூலைத் திறக்க இயலாத பொழுது, ஆதலாலேயே மீட்டலுக்கு ஏற்ற பொழுது. நேற்றைய பாடத்தின் தலைப்புகள் எத்தனை, ஒவ்வொன்றன்கீழும் சொல்லப்பெற்றவை யாவை என்று உள்ளத்துள் வரிசைப்படுத்துங்கள். பக்கத்தில் நிற்கும் தோழிக்கு ஒன்றை விளக்குங்கள். நன்னூலின் அரைப்பங்கு அங்கே கிட்டும். இறங்கியபின் குறிப்பேட்டைத் திறந்து ஒப்பிட ஐந்து மணித்துளி போதும்.

பொழுது போதாது என்று உறக்கத்தை ஈடாக வைத்துப் படிப்பதைக் கடிந்தே சொல்லவேண்டும். 1924இல் செங்கின்சு, தாலன்பாக்கு என்னும் இருவர் கற்றபின் உறங்கினால் நிற்கும் நினைவையும் விழித்திருந்தால் நிற்கும் நினைவையும் அளந்து, ஒரே கால அளவில் உறங்கியபின்னரே மிகுதியாக மீட்கப்பெற்றது எனக் காட்டினர். பகலிற் பதிந்தவை ஆழ்ந்த உறக்கத்தில் மீண்டும் இயங்கி உறுதிபெறுகின்றன என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் காட்டுகின்றன. தேர்வுக்கு முந்தைய இரவை விழித்துக் கழிப்பவர் அன்று படித்ததை உறுதிபெற விடாது தேர்வுக்குச் செல்கிறார். மறுநாள் கருத்தூன்றும் ஆற்றலையும் இழக்கிறார்.

மாணவர் செய்யத்தக்கன இவை. கல்லூரிகள் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. பல கல்லூரிகளில் முதல் அகமதிப்பீட்டுத் தேர்வு முதலிரண்டு அலகுகளுக்கும், இரண்டாம் தேர்வு அடுத்த இரண்டு அலகுகளுக்கும் என வரையறுத்து நடத்தப்பெறுகின்றன. முதல் தேர்வு முடிந்த அன்றே முதலிரண்டு அலகுகளும் மூடப்பெற்று, பருவ இறுதியில் அறிமுகமற்றவைபோலத் திறக்கப்பெறுகின்றன. இரண்டாம் தேர்வின் வினாத்தாளில் மூன்றில் ஒரு பங்கை முதலிரண்டு அலகுகளிலிருந்து எடுப்பதற்குப் புதுக் கட்டடமும் வேண்டா, புதுப் பொருளும் வேண்டா. வினாத்தாள் அமைக்கும் பேராசிரியர் ஒரு மாலைப்பொழுது அமர்ந்தால் போதும். வரும் பருவத்திலேயே அதனைத் தொடங்கலாம்.