இடக்கை ஓய்ந்த பிறகும்

கனடாவின் ஒட்டாவா நகரில், தேசியக் கலை மையத்தின் முனையில் ஒரு வெண்கலப் பியானோ இருக்கிறது. கச்சேரி முடித்த களைப்போடு சிலையாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறார் ஜாஸ் பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சன். பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடமுண்டு. நானும் உட்கார்ந்து, முதலில் அவருடைய இடக்கையைத்தான் பார்த்தேன். காரணம் இருக்கிறது.

1925இல் மாண்ட்ரியலில் பிறந்தவர். அப்பாவுக்கு ரயிலில் போர்ட்டர் வேலை; கறுப்பினத்தவருக்கு அன்று கிடைத்த ஒருசில வேலைகளில் அதுவும் ஒன்று. ஐந்து வயதில் ட்ரம்பெட் பிடித்த பையனை ஏழு வயதில் காசநோய் பிடித்தது. ஊதுவது நின்றது, பியானோ வந்தது.

பையனுக்குத் தலைக்கனம் ஏறுவதைக் கண்ட அப்பா, ஜாஸ் பியானோ மேதை ஆர்ட் டாட்டமின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். இரண்டு பேர் வாசிப்பதாக நினைத்தார் மகன். ஒருவர்தான் என்று தெரிந்ததும் அழுதுவிட்டார். வாரக்கணக்கில் பியானோவைத் தொடவில்லை.

1949இல் நார்மன் கிரான்ஸ் என்ற அமெரிக்கக் கச்சேரி அமைப்பாளர் விமான நிலையத்துக்கு டாக்சியில் போனபோது, வானொலியில் பீட்டர்சனின் வாசிப்பைக் கேட்டார். உடனே வண்டியை அவர் வாசிக்கும் இடத்துக்குத் திருப்பச் சொன்னார். அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் கார்னகி அரங்கம். வேலை அனுமதி இல்லாததால் ரசிகர்களோடு உட்கார வைத்து, திடீரென மேடைக்கு அழைத்தார்கள்.

ஜாஸில் அவர் எவ்வளவு வேகம் காட்டினாலும் அடியில் ஓடுவது ப்ளூஸ். அதன் வழக்கமான வடிவம் பன்னிரண்டு பார் (தாளப் பகுதி) கொண்ட ஒரு சுற்று. நம் தாள ஆவர்த்தனம்போல அது திரும்பத் திரும்ப வரும்; கற்பனை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் புதிது. 1962இல் பதிவான ‘நைட் டிரெயின்’ தொகுப்பில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். அப்பாவின் ரயிலும் தலைப்பிலேயே வந்துவிடுகிறது.

1993இல் பக்கவாதம் வந்தது. இடக்கை பலமிழந்தது. சுமார் இரண்டு ஆண்டு மேடை இல்லை. பிறகு வந்தார், பெரும்பாலும் வலக்கையை நம்பி. இடக்கை விட்ட இடத்தைக் கிதாரும் பாஸும் தாங்கிக்கொண்டன. 2007இல் 82 வயதில் மறையும்வரை அவர் ஓய்வு அறிவிக்கவில்லை.

‘நைட் டிரெயின்’ கேளுங்கள். அடுத்து, 2003இல் வியன்னாவில் பதிவான கச்சேரியைக் கேளுங்கள். வேகம் குறைந்திருக்கும், சுவரங்களும் குறைந்திருக்கும். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பிடிக்கிறது.