‘கேஸ்ட்ரிக்’ மாத்திரை வயிற்றுக்குள் என்ன செய்கிறது?

நெஞ்செரிச்சல், மேல்வயிற்று வலி, புளித்த ஏப்பம், உப்புசம் எதுவானாலும் தோட்டப்புறத்தில் அதற்கு ஒரே பெயர்தான்: ‘கேஸ்ட்ரிக்’. மருந்தும் பல வேளைகளில் ஒன்றுதான். கடையில் வாங்கிய மாத்திரை, அல்லது பக்கத்து வீட்டில் மீந்துபோன மாத்திரை. சிரம்பான், போர்ட்டிக்சன், ரந்தாவ், பகாவ் வட்டாரங்களில் விடியுமுன் பெரட்டுக்குப் போய், வெறும் தேநீரோடு பால்மரம் வெட்டியவர்களுக்கும் செம்பனைக் குலை அறுத்தவர்களுக்கும் இது பழகிப்போன வலி. பழகிவிட்டதால்தான் இதில் ஆபத்தும் அதிகம்.

ரப்பர் பாலை உறைய வைக்க அமிலம் ஊற்றுவதைத் தோட்டத்து மக்கள் அறிவர். நமது இரைப்பையும் உணவைச் செரிக்கவும் கிருமிகளைக் கொல்லவும் தானே ஓர் அமிலத்தைச் சுரக்கிறது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதை எப்போது சுரக்க வேண்டும் என்று இரைப்பைச் செல்களுக்குச் சொல்லும் இரசாயனத் தூதுவர்களில் முக்கியமானது ஹிஸ்டமின்.

தும்மல், மூக்கொழுகல், தோல் அரிப்பு ஆகியவற்றுக்கும் இதே ஹிஸ்டமின்தான் காரணம். அப்படியானால் சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் பிரிட்டோன் மாத்திரை வயிற்று அமிலத்தையும் குறைக்க வேண்டுமல்லவா? குறைப்பதில்லை. இந்தப் புதிருக்கு விடை கண்டவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக். இவருக்கும் நமது மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மருத்துவம் படித்து முடித்தபின் 1947 முதல் 1950 வரை சிங்கப்பூரில், அன்றைய மலாயாவின் மருத்துவர்களை உருவாக்கிய ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் அவர் ஆசிரியராகப் பணியாற்றினார்.

ஹிஸ்டமின் ஒரு சாவி என்றால், உடம்பில் அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டுகள் உள்ளன. மூக்கிலும் தோலிலும் இருப்பது எச்1 பூட்டு. பிரிட்டோன் அடைப்பது அதைத்தான். இரைப்பையில் இருப்பது எச்2 பூட்டு. அதை அடைக்கும் மருந்தைத் தேடிப் பிளாக் குழுவினர் பல ஆண்டுகள் உழைத்தனர். 1972இல் அறிவிக்கப்பட்ட முதல் மருந்து வாய்வழி உட்கொள்ள ஏற்றதாக இல்லை. அடுத்தது சிலருக்கு இரத்த வெள்ளணுக்களைக் குறைத்தது. மூன்றாவதாக வந்த சிமெடிடின் 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அதுவரை கத்தி வைக்க வேண்டியிருந்த பல புண்கள் மாத்திரையிலேயே ஆறின. 1988இல் பிளாக் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பின்னர் வந்த ஒமெப்ரசோல் வேறு வழியில் வேலை செய்கிறது. அது பூட்டை விட்டுவிட்டு, அமிலத்தை வெளியே தள்ளும் பம்பையே நிறுத்துகிறது. ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் அதனால் நிறுத்த முடியும். சாப்பிடும்போதுதான் பம்புகள் ஓடத் தொடங்கும். அதனால்தான் காலைப் பசியாறலுக்கு அரை மணி நேரம் முன்பு அதை விழுங்கச் சொல்கிறார்கள். வலி வந்தபின் விழுங்கிவிட்டு, ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று சொல்வதில் பயனில்லை. கிளினிக்கில் கொடுக்கும் வெள்ளை மருந்து, சுரந்துவிட்ட அமிலத்தை முறிக்க மட்டுமே செய்யும். அதனால் பலன் உடனே தெரியும். விரைவில் தீர்ந்தும் விடும்.

புண் ஏன் வருகிறது?

நேரத்துக்குச் சாப்பிடாததாலும் காரம் தின்றதாலும்தான் குடல்புண் வருகிறது என்று பலர் நம்புகின்றனர். அவை வலியைக் கூட்டலாம். ஆனால் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் இதைக் கண்டறிந்து 2005இல் நோபல் பரிசு பெற்றனர். மலேசியாவில் நடந்த ஆய்வுகளில் இந்தக் கிருமி இந்தியர்களிடமே அதிகமாகவும், அடுத்து சீனர்களிடமும், மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவாகவும் காணப்பட்டது. அமில மாத்திரை வலியைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. அதற்கு அமில மாத்திரையோடு இரண்டு வகை கிருமிக்கொல்லி மருந்துகளைப் பொதுவாக 14 நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். கிருமி இருக்கிறதா என்பதை மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் அறியலாம். பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவர் சொற்படி ஒமெப்ரசோலை நிறுத்தாவிட்டால், கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.

இரண்டாவது காரணம் வலி மாத்திரை. இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் சாப்பிடும் போன்ஸ்தான், வோல்டாரன் போன்றவை இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் பொருளையும் சேர்த்துக் குறைத்துவிடுகின்றன. காவல் இல்லாத சுவரை அமிலம் அரிக்கிறது. பதிவு பெறாத சில ஜமு மருந்துகளில் இவ்வகை வலி மருந்துகளும் ஸ்டீராய்டும் இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதாக சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது.

மூன்றாவது தூதுவர்

செரட்டோனின் என்றால் மனநிலைக்கான மூளை இரசாயனம் என்றே பலர் அறிவர். உண்மையில் உடம்பில் உள்ள செரட்டோனினில் சுமார் 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. குடலின் அசைவுக்கும் குமட்டலுக்கும் அதில் பங்குண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையில் வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரோன், செரட்டோனினின் ஒரு பூட்டை அடைத்தே வேலை செய்கிறது.

இரத்தம் உறையவும் செரட்டோனின் உதவுகிறது. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் இரத்தத் தட்டணுக்களில் அதன் அளவைக் குறைக்கும். அவற்றோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. அதற்காக மனச்சோர்வு மருந்தைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டுவதே நல்லது.

பிரிட்டோன் மூளையிலுள்ள எச்1 பூட்டையும் அடைப்பதால் தூக்கம் வரும். அதைச் சாப்பிட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும், செம்பனை அரிவாளைத் தூக்குவதும் ஆபத்து. ஒமெப்ரசோலையும் ஆண்டுக்கணக்கில் கேள்வியின்றித் தொடரக் கூடாது. சிலருக்கு பி12 சத்தும் மெக்னீசியமும் குறையலாம்.

மலம் தார்போல் கறுத்துப் போனால், இரத்த வாந்தி வந்தால், காரணமின்றி உடல் மெலிந்தால், விழுங்கச் சிரமமாக இருந்தால் மாத்திரை தேடி நேரத்தைக் கடத்த வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவற்றோடு வரும் ‘கேஸ்ட்ரிக்’ மாரடைப்பாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். அப்போது 999 எண்ணுக்கு அழைப்பதே முதல் வேலை.